நம் பிள்ளைகளின் ஆய்வேடுகள்

பேராக் மாநிலத்துத் தமிழர் வீடுகள் பலவற்றில் முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதனுள் மணமக்கள் படம் ஒன்றும், பிள்ளைகள் பள்ளியில் பெற்ற வெற்றிக் கிண்ணங்களும் இருக்கும். மேல்தட்டிலோ, கெட்டி அட்டையிட்டுப் பொன்னெழுத்துப் பொறித்த தடித்த ஏடொன்று நிற்கும். அவ்வீட்டுப் பிள்ளை கல்லூரியின் இறுதியாண்டில் எழுதிய ஆய்வேடு அது. உறவினர் வந்தால் தாய் அதனை எடுத்துக் காட்டுவாள். வந்தவர் அட்டையைத் தடவிப் பார்த்து, பெயரைப் படித்து, மகிழ்ந்து திருப்பித் தருவர். உள்ளே விரித்துப் படித்தவர் யாவர்? எழுதியவர் ஒருவர், மதிப்பெண் இட்ட ஆசிரியர் ஒருவர், அவ்வளவே.

அத்தாயின் பெருமிதத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மூன்று தலைமுறையாகப் பால்மரம் சீவிய குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளை நூறு பக்கம் எழுதி முடித்தது என்பது சிறிய காரியமா? ஆனால் மகிழ்ச்சி வேறு, மதிப்பீடு வேறு. சிறுகதை, கவிதை, நாடகம் எனப் பலவற்றையும் திறனாய்வு செய்கிற நாம், நம் பிள்ளைகள் மிகுதியாக எழுதும் இவ்விலக்கிய வகையை மட்டும் இதுவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அந்தக் குறையைச் சிறிது போக்கவே இதனை எழுதுகிறோம்.

தஞ்சோங் மாலிமில் 1922 ஆம் ஆண்டில் மலாய் ஆசிரியர்களைப் பயிற்றத் தோன்றி, 1997 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இன்று தமிழும் பயிற்றப்படுகிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கழகங்களிலும் 'செயலாய்வு' என்ற பெயரால் மாணவர் ஏடு எழுதுகின்றனர். இவ்வாறு ஆண்டுதோறும் சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்துகாஜா, கம்பார், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் முதலிய ஊர்ப் பிள்ளைகள் பலர் ஆய்வேடு எழுதி முடிக்கிறார்கள். அவ்வகையில் பதினோர் ஏடுகள் இவ்வாண்டு நம் பார்வைக்கு வந்தன. எழுதியவர் யார், எக்கல்லூரியைச் சேர்ந்தவர் என்பன இங்கே வேண்டுவதில்லை. குறைகள் ஒருவருடையவை அல்ல. நம் எல்லோருடையவையும் ஆகும்.

முதற் குறை, தலைப்பின் அகலம். 'மலேசியத் தமிழர் வாழ்வும் இலக்கியமும்' என்று ஒருவர் தலைப்பிட்டிருக்கிறார். எண்பது பக்கத்தில் ஒரு நாட்டுத் தமிழர் வாழ்வு முழுவதையும் அடக்குவதற்கு அவர் திருமாலின் வாமன அவதாரமா? தலைப்பு அகன்றால் எல்லாவற்றையும் பற்றிச் சிறிது சிறிது சொல்ல வேண்டி வரும். அச்சிறிதும் பிறர் சொன்னதாகவே இருக்கும்.

இரண்டாவது குறை, முதல் இயல். பதினோர் ஏடுகளிலும் முதல் இயல் ஒன்றே எனலாம். 1877 ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டதும், கங்காணிகள் ஆள் திரட்டி வந்ததும், 1938 இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்ததும், 1948 ஜூன் மாதத்தில் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் ஒரே வரிசையில், ஏறத்தாழ ஒரே சொற்களில் வருகின்றன. இவை பொய்யல்ல. ஆனால் 'ஐந்தாம் ஆண்டு மாணவரின் வாசிப்புத் திறன்' என்னும் ஆய்வுக்கு 1877 எதற்கு? கல்யாண வீட்டில் மேளம் கொட்டுவது போல, ஆய்வேடு என்றால் ரப்பர்க் கன்று நட்டாக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. அவசரகாலத்தில் சிதறிக் கிடந்த லயங்களைக் கம்பிவேலிக்குள் ஒன்று சேர்த்தனர். அவ்வேலிக்குள் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். 1948 ஐப் பற்றி எழுதிய பதினொருவருள் அத்தகைய ஒருவரைத் தேடிக் கேட்டவர் எவருமில்லை.

மூன்றாவது குறை, முடிவுரை. 'எனவே தமிழ்மொழியைப் போற்றிக் காக்க வேண்டும்' என்று ஒன்பது ஏடுகள் முடிகின்றன. காக்கத்தான் வேண்டும், மறுப்பவர் யார்? ஆனால் இதனை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதியிருக்கலாமே! முப்பது நண்பரிடம் வினாத்தாள் கொடுத்து, விழுக்காடு கணக்கிட்டு, அட்டவணை வரைந்து, கடைசியில் முன்பே தெரிந்திருந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு ஓராண்டு எதற்கு? தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளப் புறப்படுவதே ஆராய்ச்சி. தெரிந்ததைத் தெரியாதவர் போல் நடித்துத் திரும்பவும் தெரிந்துகொள்வது நாடகம்.

இக்குறைகளுக்கெல்லாம் வேர் எது? சோம்பல் என்று சிலர் சொல்லுவர். நாம் அங்ஙனம் கருதவில்லை. இரவெல்லாம் விழித்து எழுதியவர்கள் இவர்கள். வேர் அச்சமே ஆகும். அச்சில் வந்தது உண்மை, தன் கண்ணால் கண்டது ஐயம் என்று எண்ணும் அச்சம் அது. சாத்திரம் சொல்லிற்று என்றால் வாய்மூடிக் கொள்ளும் வழக்கத்தை நாம் பல காலமாகக் கண்டித்து வருகிறோம். அவ்வழக்கம் கோயிலில் மட்டும் வாழ்கிறது என்று நினைப்பது பேதைமை. நூலகத்திலும் அது வாழ்கிறது. அங்கே அதன் பெயர் மேற்கோள். எந்தப் பொருளை யார் சொல்லக் கேட்டாலும் அதன் மெய்யைக் காண வேண்டும் என்ற வள்ளுவர் நெறியை மேடையில் முழங்குகிற நாம், ஏட்டில் 'யார் சொன்னார்' என்பதோடு நின்றுவிடுகிறோம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருவோம். பதினோர் ஏடுகளுள் மூன்று, பேராக்கிலுள்ள ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைக் குறிப்பிட்டு, 'இது 1923 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றது' என்று எழுதியிருக்கின்றன. மூன்று பேர் ஒன்றையே சொன்னால் அது உண்மை என்றுதானே தோன்றும்? அடிக்குறிப்புகளைப் பார்த்தோம். முதல் இருவரும் ஒரு விழா மலரைச் சுட்டியிருந்தனர். மலரை எடுத்துப் பார்த்தோம். அது தனக்குக் கிடைத்த இடத்தைச் சொல்லவில்லை. ஆனால் அதன் வாக்கியங்கள் நமக்கு எங்கோ பழக்கமானவையாகத் தோன்றின. மூன்றாம் மாணவி நேர்மையாளர். தாம் எடுத்த இடத்தைத் தெளிவாகக் குறித்திருந்தார். அது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஓர் ஆய்வேடு. அதை எழுதியவர் நாமே. விழா மலரின் வாக்கியங்களும் நம்முடையவையே. மூன்று சாட்சிகள் என்று எண்ணியிருந்தோம். இருந்தது ஒரே சாட்சி. அந்தச் சாட்சியும் பொய்ச்சாட்சி என்பது நமக்கு மட்டுமே தெரியும்.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். நாமும் ஒரு தோட்டத்துப் பிள்ளையே. கிழக்கு வெளுக்குமுன் பெரட்டுக்குப் போன தாய் தந்தையரின் உழைப்பில் கல்லூரி ஏறினோம். இறுதியாண்டில் நம் தோட்டத்துப் பள்ளியின் வரலாற்றை எழுத எடுத்துக்கொண்டோம். தலைப்பு குறுகியது, நல்லது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைப் பற்றி நூலகத்தில் படித்தோம். ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்பது அதன் சாரம். நம் தோட்டத்தில் அக்காலத்தில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆகவே 1923 இல் பள்ளி தோன்றியது என்று எழுதிவிட்டோம். தருக்க முறையில் இதில் என்ன பிழை என்று அன்று நமக்கு விளங்கவில்லை.

விடுமுறையில் ஊர் வந்தபோது, மூன்றாம் லயத்துப் பாட்டியிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினோம். அவள் எழுத்தறியாதவள், நாற்பது ஆண்டுகள் மரம் சீவியவள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "சட்டம் வந்துச்சோ என்னமோ தம்பி, வாத்தியார் வரல்லே" என்றாள். பள்ளிக்கூடம் எப்பொழுது வந்தது என்று கேட்டோம். "மெர்டேக்காவுக்கு அப்புறந்தான்" என்று உறுதியாகச் சொன்னாள். அதாவது 1957 க்குப் பின். நாம் எழுதியதற்கும் அவள் சொன்னதற்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள்!

கிழவியின் நினைவு தவறியிருக்கலாம் என்று எண்ணி, நம் தோட்டத்துப் பள்ளி பின்னாளில் எந்தப் பள்ளியோடு சேர்க்கப்பட்டதோ அங்கே போனோம். தலைமையாசிரியர் நல்லவர். பழைய பெட்டி ஒன்றைத் திறந்து, கரையான் தின்றது போகக் கிடந்த சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தந்தார். அதன் முதற்பக்கத்தில் 1939 என்ற ஆண்டு இருந்தது. பதினேழு பையன்களின் பெயர்களும், இரண்டு பெண்களின் பெயர்களும் இருந்தன. பையன்களுள் ஒருவன் அந்தப் பாட்டியின் உடன்பிறந்த தம்பி.

திரும்பி வந்து அவளிடம் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஆமா, அவன் போனான். நான் கைப்புள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுல இருந்தேன். என் மவ சிலேட்டத் தூக்கிக்கிட்டுப் போன அன்னிக்குத்தான் தம்பி எனக்குப் பள்ளிக்கூடம் வந்துச்சு."

வாசகர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். சட்டம் 1923 என்றது. ஏடு 1939 என்றது. கிழவி 1957 க்குப் பின் என்றாள். மூன்றில் எதுவும் பொய்யன்று. முதலாவது, அரசு எழுதி வைத்த ஆண்டு. இரண்டாவது, ஏட்டில் பையன்களின் பெயர் ஏறிய ஆண்டு. மூன்றாவது, ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளையிடம் எழுத்து வந்து சேர்ந்த காலம். இம்மூன்றுக்கும் இடையே இருந்த தூரமே அந்தத் தோட்டத்தின் கல்வி வரலாறு. அதனை எந்த நூலும் எழுதியிருக்கவில்லை. அது நம் கையில் வந்து விழுந்தது.

நாம் என்ன செய்தோம்? ஏட்டைக் கொடுக்க ஐந்து வாரமே இருந்தது. 'ஒரு கூலிக்காரக் கிழவியின் பேச்சை ஆதாரமாகக் காட்டினால் தேர்வாளர் நகைக்கமாட்டாரா? சட்டப் புத்தகம் இருக்கப் பதிவேட்டின் கிழிந்த தாள் எதற்கு?' என்று எண்ணினோம். யாரும் நம்மை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. நாமே அஞ்சி, நாமே அடித்தோம். 1923 நிலைத்தது. பாட்டி நன்றியுரையில் 'தோட்டத்துப் பெரியோர்கள்' என்ற இரண்டு சொல்லில் ஒடுங்கினாள். நல்ல மதிப்பெண் கிடைத்தது. பொன்னெழுத்துப் பொறித்தோம்.

பல ஆண்டுகள் கழித்து, அதைத் திருத்தி எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது தோட்டம் இல்லை. மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பின்பு அதில் ஒரு பகுதி வீடமைப்புப் பகுதியாயிற்று. லயங்கள் இடிக்கப்பட்டன. பாட்டி மறைந்தாள். அப்பள்ளி வேறு கட்டடத்துக்கு மாறியபோது பழைய தாள்கள் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை. நாம் குறிப்பெடுத்த நோட்டுப் புத்தகமும் வீடு மாறியபோது தொலைந்தது. மிஞ்சியது நம் பொய் ஒன்றே. அது மட்டும் கெட்டி அட்டைக்குள் பத்திரமாக இருந்து, இப்பொழுது மூன்று பிள்ளைகளின் ஏட்டில் குடியேறியிருக்கிறது.

நிற்க. மூத்த அறிஞர்கள் இவ்விஷயத்தில் எங்ஙனம் நடந்தனர் என்பதையும் நோக்குவோம். 1880 ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த உ. வே. சாமிநாதையரிடம் சேலம் இராமசாமி முதலியார், அவர் படித்த நூல்கள் எவை என்று வினவினார். அவர் அடுக்கிய அந்தாதிகளும் புராணங்களும் முதலியாரை அசைக்கவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. அந்த 'இல்லை'யிலிருந்து ஓர் ஆராய்ச்சி பிறந்தது. ஏழாண்டு உழைத்து 1887 இல் அந்நூலை அச்சிட்டார். இதில் நம் மாணவர் கருத வேண்டியது வேறொன்று உண்டு. சிந்தாமணி சைன நூல். அதன் வழக்குகள் சைவ நூல்களில் பயின்ற ஐயருக்கு விளங்கவில்லை. தம் சமயத்து நூல்களைப் புரட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனரின் வீடு தேடிப் போய்க் கேட்டறிந்தார். ஏடு சொல்லாததை மனிதர் சொன்னார்கள். கேட்பதை அவர் இழிவென்று கருதவில்லை.

மனிதர் வாய் ஒன்றே போதும் என்று கூறுகிறோம் என எண்ண வேண்டா. மறைந்து கிடக்கும் தாளையும் தேடியாக வேண்டும். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராயிருந்த தனிநாயக அடிகள், 1679 இல் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ் போர்ச்சுகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்து, 1966 இல் கோலாலம்பூரிலேயே அதனைப் படியெடுத்து வெளியிடச் செய்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரில் கூடிற்று. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராம சுப்பையா, இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஒரு பட்டியல் தொகுத்து 1969 இல் வெளியிட்டார். பட்டியல்தானே என்று இகழ்வார் உளர். எது இருக்கிறது என்று தெரியாமல் எதை ஆராய்வது? தமிழ்ப்பள்ளி ஆசிரியராயிருந்த முரசு நெடுமாறனோ, 1887 முதல் நூறாண்டுக் காலத்து மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் திரட்டி 1997 இல் களஞ்சியமாக்கினார். இத்தகைய வேலைக்குப் பல்கலைக்கழக நாற்காலி இன்றியமையாதது அன்று என்பதற்கு அவரே சான்று.

மற்றொருவர் இரவீந்திர ஜெயின் என்னும் மானிடவியலார். அவர் 1960 களின் தொடக்கத்தில் இந்நாட்டு ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நம்மவரிடையே தங்கி ஆராய்ந்து, 1970 இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அத்தோட்டத்தின் மெய்ப்பெயரை அவர் எழுதவில்லை. 'பால் மெலாயு' என்றொரு புனைபெயர் இட்டார். நம்பிப் பேசியவர்களுக்குத் தம் எழுத்தால் தீங்கு வந்துவிடலாகாது என்பது அவ்வாய்வு முறையின் அறம். நம் மாணவரோ, 'குடிப்பழக்கமுள்ள குடும்பம்' என்று எழுதி, அடுத்த வரியில் ஊரையும் வீட்டு எண்ணையும் குறிக்கின்றனர். மெய் சொல்ல அஞ்சுகிற இடத்தில் அஞ்சவும், அஞ்ச வேண்டிய இடத்தில் துணியவும் நாம் பழகியிருக்கிறோம்.

இனி ஆய்வேடு எழுதப் புகும் தம்பி தங்கையருக்குச் சில சொல்வோம். இவை கட்டளைகள் அல்ல; பட்டறிந்தவர் கூறுவன.

விடை தெரியாத ஒரு வினாவை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அது ஒரு வாக்கியத்தில் அடங்க வேண்டும். ஒரு தோட்டம், ஒரு பள்ளி, ஒரு கோயில் திருவிழாவின் கணக்கு, தாலாட்டு ஒன்றின் நான்கு வடிவங்கள் போதும். சிறியதை முழுதும் காண்பவன் பெரியதிலும் ஏதேனும் காண்பான். பெரியதை மேலோட்டமாகக் காண்பவனுக்குச் சிறியதும் கைவராது.

அடுத்து, உங்கள் ஊரில் எழுபது வயது கடந்தவர் பெயர்களை எழுதுங்கள். நூலகத்துக்குப் போகுமுன் அவர்களிடம் போங்கள். நூலகம் அடுத்த ஆண்டும் இருக்கும். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே, நாளும் இடமும் குறித்து எழுதுங்கள். 'வரல்லே' என்றதை 'வரவில்லை' என்று திருத்தாதீர்கள். அவர்கள் ஒப்புதல் பெறுங்கள். பெயர் போட வேண்டா என்றால் போடாதீர்கள்.

பின்பு தாள்களைத் தேடுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்டத்துச் சம்பளப் பேரேடு, கோயில் வரவுசெலவு நோட்டு, தொழிற்சங்கச் சந்தா ரசீது, பழைய கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல் ஆகிய இவையெல்லாம் நூல்களே. பழைய செய்தித்தாள்களை நாடுங்கள். 1924 இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. வெளிவரும் இதழே நின்றுவிடும் என்றால், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழம்பிரதிக்கு என்ன உறுதி?

கேட்டதையும் படித்ததையும் எதிரெதிரே வையுங்கள். இரண்டும் ஒத்தால் மகிழுங்கள். ஒவ்வாவிட்டால் இன்னும் மகிழுங்கள். உங்கள் ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வாத ஒன்றை மறைப்பது, நாம் செய்த குற்றத்தை நீங்களும் செய்வதாகும். ஒரு செய்தியை மூன்று நூல்கள் சொன்னாலும், மூன்றும் எங்கிருந்து எடுத்தன என்று கேளுங்கள். எடுத்தாண்டதை எடுத்தாண்டதாகச் சொல்லுங்கள். முதல் இயலைக் கடைசியில் எழுதுங்கள்; அப்பொழுது 1877 வேண்டுமா வேண்டாவா என்பது தானே விளங்கும்.

இந்நாளில் கட்டுரை எழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் பத்துப் பக்கம் தருகிறது. அதனைப் பழிப்பதற்கில்லை, கருவி கருவியே. ஆனால் அது முன்பே எழுதப்பட்டதிலிருந்துதான் எடுத்துத் தர முடியும். நம் தோட்டத்துப் பள்ளியைப் பற்றி அதனிடம் கேட்டால், எழுத்தில் உள்ள 1923 ஐத் தவிர வேறு எதைத் தரும்? மூன்றாம் லயத்துப் பாட்டி அதற்குள் இல்லை.

சிலர் கேட்கலாம்: 'எழுத்தறியாக் கிழவியின் நினைவு எவ்வாறு சான்றாகும்? நினைவு பிறழுமே!' பிறழும். அந்தப் பாட்டியின் சொல்லும் ஆண்டுக்கணக்கில் பிறழ்ந்ததுதான். ஏடும் பிறழும், ஏட்டில் பெயரேறாத பெண்களைப் பற்றி ஏடு வாய் திறக்கவில்லை. ஒரு சான்றை மற்றொரு சான்றால் உரைத்துப் பார்ப்பதன்றோ ஆராய்ச்சி? பொன்னை உரைகல்லில் தேய்ப்பவன் பொன்னையும் அவமதிக்கவில்லை, கல்லையும் அவமதிக்கவில்லை.

வேறு சிலர், 'இதனால் வேலை கிடைக்குமா?' என்பர். நல்ல மதிப்பெண்ணுக்கும் வேலைக்கும் நாம் பகைவர் அல்லோம். நாம் சொல்லுவது இதுதான்: எப்படியும் ஓராண்டு உழைக்கப் போகிறீர்கள். அந்த உழைப்பைப் பிறர் எழுதியதை மறுமுறை எழுதுவதில் செலவிடுவதா, நீங்கள் எழுதாவிட்டால் எவரும் எழுத முடியாத ஒன்றில் செலவிடுவதா? தோட்டங்கள் போயின. அங்கே பிறந்தவர்கள் நாளுக்கு நாள் குறைகின்றனர். அவர்களிடம் கேட்கத்தக்க மொழியும் உறவும் உங்களுக்கு இருக்கின்றன. வெளியிலிருந்து வருகிற பேராசிரியர்க்கு ஓராண்டு தங்கினால் கிடைப்பது, உங்களுக்குப் 'பாட்டி' என்று அழைத்த மாத்திரத்தில் கிடைக்கும்.

குறையே கூறினோம் என்று எண்ண வேண்டா. பதினோர் ஏடுகளுள் ஒன்று நம்மை மகிழ்வித்தது. பால்வெட்டுத் தொழிற் சொற்களைப் பற்றி ஒரு மாணவி எழுதியது அது. தம் தாத்தாவும் அவர் தோழர்களும் வழங்கிய சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருக்கிறார். மலாய்ச் சொல்லாகிய மங்குக் நம்மவர் வாயில் 'மங்கு' ஆனதையும், கெத்தா 'கித்தா' ஆனதையும், ஆங்கிலப் பரேடு 'பெரட்டு' ஆனதையும் காட்டுகிறார். கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஐந்து சொற்களைக் குறித்து, 'இவற்றின் மூலம் எனக்குத் தெரியவில்லை. தாத்தாவுக்கும் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார். பதினோர் ஏட்டிலும் சிறந்த பக்கம் அதுவே என்பது நம் அபிப்பிராயம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதத் துணிந்த இடத்தில் அச்சம் நீங்கிவிட்டது. பின்னால் வருகிற ஒருவர் அந்த ஐந்து சொற்களிலிருந்து தொடங்குவார். அந்த ஏடு அலமாரியில் நின்றாலும் உறங்காது.

இறுதியாக, நம் கடனைத் தீர்க்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் நாம் எழுதிய ஆய்வேட்டில், பேராக்கிலுள்ள நம் தோட்டத்துப் பள்ளி 1923 முதல் நடைபெற்றது என்று எழுதியிருக்கிறோம். அது தவறு. நாம் கண்ட பதிவேட்டின் முதற்பக்கம் 1939 ஆம் ஆண்டினது. அதற்கு முன் பள்ளி இருந்ததற்கு நம்மிடம் சான்றில்லை. அப்பதிவேடும் இன்று நம்மிடம் இல்லை. நாம் சொல்வதை ஒரு சாட்சியின் சொல்லாக மட்டும் கொள்க. அந்தப் பக்கத்தில் இரண்டு பெண்களின் பெயர்களே இருந்தன. நம் அண்டை லயத்துப் பாட்டி ஒருத்தி, தன் மகள் சிலேட்டு எடுத்துச் சென்ற அன்றுதான் தனக்குப் பள்ளிக்கூடம் வந்தது என்று நம்மிடம் சொன்னாள். இனி அப்பள்ளியைப் பற்றி எழுதுவோர் நம் ஏட்டை விடுத்து இத்திருத்தத்தைக் கொள்வார்களாக. அத்தோட்டத்தில் பிறந்து இன்றும் இருக்கும் முதியோர் எவரேனும் இதனையும் மறுப்பாராயின், அவர் சொல்லைத் தலைவணங்கி ஏற்று, எதிரெதிரே வைத்துப் பார்க்கக் காத்திருக்கிறோம்.